சொதிப் பை

எங்கள் வீட்டில் சமைப்பது என் மனிசி. கட்டுவது நான். கடை அவளுடையது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்று நினைப்பார்கள்.

திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் குசினியில் விடியும் முன்னரே அடுப்பு மூட்டிவிடுவாள். பதினொரு மணிக்குள் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு பொரியல், சம்பல், மீன் கிடைத்த நாளில் மீன், எல்லாம் இறங்கிவிடும். கடைசியாகச் சொதி. தேங்காய்ப் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுவாள். மற்றக் கறிகளை யாரும் வைக்கலாம். சனம் வந்தது சொதிக்கு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் சட்டி பானைகளைச் சைக்கிள் வண்டிலில் ஏற்றி, துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வாகை மரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைப்பேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், கந்தோர்களில் எழுத்து வேலை பார்க்கிற ஆட்கள் வருவார்கள். பார்சலை வாங்கிச் சிலர் மரத்தடியில் சாப்பிடுவார்கள். சிலர் கடற்கரைக்குக் கொண்டு போவார்கள்.

பார்சல் என்றால் இப்படி. பழைய பேப்பர். அதன் மேல் லஞ்ச் சீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாள். அதில் சோறும் கறியும். மடித்துக் கட்டினால் சரி. சொதி மட்டும் தனியாக, ஒரு சின்னப் பொலித்தீன் பையில்.

சொதிப் பை கட்டுவதில் நான் கெட்டிக்காரன். வேறு எதிலும் இல்லை. இருபது வருடம் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். முதுகு போன பிறகுதான் மனிசி கடை தொடங்க, நான் உதவியாக வந்தேன். அங்கே கிழிந்த மூட்டையின் வாயைத் திருகி, இரண்டாக மடித்து, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகி இறுக்குவோம். அதே கட்டைத்தான் சொதிப் பைக்கும் போட்டேன். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. என் இடது பெருவிரல் நுனி ஒரு சங்கிலியில் போய்விட்டது. அதனால் என் முடிச்சு மற்றவர்களுடையது போல வலப்பக்கம் சுற்றாது. இடப்பக்கம் சுற்றும். அவிழ்க்க ஒருவராலும் ஏலாது. சனம் பையின் மூலையைப் பல்லால் கடித்துச் சொதியை ஊற்றிவிட்டு, முடிச்சோடு பையைப் போட்டுவிடும். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

திருகோணமலையில் மான்கள் ரவுனுக்குள், கடைத் தெருவில் நடக்கும். வெளியூர் ஆட்கள் நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது மாடு மாதிரி. கோட்டைப் பக்கமிருந்து வரும். வீதியைக் கடக்கும். பஸ் நின்று வழிவிடும். கடை வாசலில் படுக்கும்.

என் மரத்தடிக்கும் ஒரு பெண் மான் வரும். வலது காது கிழிந்திருக்கும். மத்தியானம் சனம் குறைகிற நேரமாகப் பார்த்து வரும். நான் அதைத் தடவியதில்லை. அதுவும் கிட்ட வந்ததில்லை. கறிக்கு அரிந்து மிஞ்சிய கோவா இலையைப் போட்டால் தின்னும். நின்று என் கையைப் பார்க்கும். பிறகு போய்விடும்.

ஒரு நாள் அதன் வாயில் லஞ்ச் சீட் தொங்கியது. கறிபட்ட சீட். அரைவாசி உள்ளே போயிருந்தது. நான் மெல்லப் போய்ப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. மான் இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று திரும்பவும் என் கையைப் பார்த்தது.

அன்றைக்குப் பின்னேரம் மனிசியிடம், லஞ்ச் சீட்டை விட்டுவிட்டு வாழையிலையில் கட்டுவோமா என்று கேட்டேன். அவள் உடனே ஓம் என்றாள். சுடுசோற்றை இலையில் கட்டினால் வாசம் வேறு என்றாள். சாம்பல்தீவில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் ரவுனுக்கு மரக்கறி கொண்டு வருவார். அவரிடம் சொன்னோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இலைக்கட்டு வந்தது. மனிசி இலையைத் தணலில் வாட்டுவாள். நான் துடைத்து அடுக்குவேன்.

வந்தவர்களுக்குப் பிடித்தது. நான் பேசுவது குறைவு. ஆனால் அந்த நாட்களில் பார்சல் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒன்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டு இலையை மானுக்குப் போடுங்கள், அது தின்னும் என்று சொன்னேன். அவர்களும் போட்டார்கள். எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டில்கூட இலேசாக இருப்பது போல இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். காது கிழிந்த மான் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வீடு போகும்போது கடற்கரையில் சனம் நின்றது. நான் வண்டிலை ஓரமாக விட்டுவிட்டுப் போனேன்.

மான் மணலில் கிடந்தது. மிருக வைத்தியர் ஒருவர் வயிற்றைத் திறந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு உருண்டை எடுத்து வைத்தார். உரித்த தேங்காயளவு இருக்கும். பிழிந்த துணி மாதிரி முறுகிக் கிடந்தது. ஒரு தடியால் அதைப் பிரித்துக் காட்டினார். பை இதுக்குச் செமிக்காது, வயிறு நிரம்பின மாதிரியே கிடக்கும், பிறகு பசியிலேயே சாகும் என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை சொன்ன ஆள் மாதிரிச் சொன்னார்.

தடி முனையில் ஒரு முடிச்சு வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தது வந்தது. அது இடப்பக்கம் சுற்றியிருந்தது. அதற்கடுத்ததும் இடப்பக்கம்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர், எந்தப் பாவியோ எறிந்திருக்கிறான் என்றார். நான் முடிச்சுகளை ஏழு வரை எண்ணினேன். பிறகு வண்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் கட்டும் வேலையோடு வேலையாகச் சனம் சாப்பிடுவதைப் பார்த்தேன். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததேயில்லை. சாப்பிட்டு முடிந்ததும், வெறும் சொதிப் பையை இலைக்கு நடுவில் வைத்தார்கள். மிளகாய்க் காம்பையும் மீன் முள்ளையும் அதோடு வைத்தார்கள். இலையை ஒழுங்காக மடித்தார்கள். கொண்டுபோய் மரத்துக்குப் பின்னால், மான் வரும் இடத்தில் வைத்தார்கள். நான் சொன்னபடிதான் செய்தார்கள்.

சாப்பிட்ட இலையை மடித்து வைப்பது எங்கள் பழக்கம். திறந்து போட்டால் மரியாதையில்லை. லஞ்ச் சீட் என்றால் மான் நக்கிவிட்டு விட்டும் போகும். இலையை விடாது. மடித்த இலையை உள்ளே இருப்பதோடு சேர்த்து விழுங்கிவிடும். சொதியில் உப்பும் இருக்கிறது. நல்லது செய்கிறேன் என்று நான் அந்தப் பைகளை இலையில் சுற்றி ஊட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே சொதிப் பை கொடுப்பதை நிறுத்தினேன். கேட்டவர்களுக்குச் சொதி இல்லை என்றேன். பானை மூடியிருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நிறையச் சொதியோடு பானையை வீட்டுக்குக் கொண்டு போனேன். மனிசிக்கு ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சொதி ஏன் அப்பிடியே வந்திருக்கு?"

"ஆக்கள் வாங்கேல்ல."

விரலில் தொட்டு வாயில் வைத்தாள். உப்புச் சரி என்று தனக்குத்தானே சொன்னாள். அடுத்த நாள் தேசிக்காயைக் குறைத்து வைத்தாள். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஒரு தேங்காய் கூடுதலாகத் திருவினாள். தேங்காய் விற்கிற விலைக்கு அவள் அப்படிச் செய்கிற ஆளில்லை. நான் திருவலைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"சொதியில ஒண்டுமில்லை. நான்தான் குடுக்கேல்ல," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அது நீண்ட கதை. அவள் திருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்கட முடிச்செண்டு வடிவாத் தெரியுமோ?"

நான் பெருவிரலைக் காட்டினேன்.

அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூண்டு நாளா என்ர கையிலதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள். "மானுக்குத்தான் சொல்ல ஏலாது. எனக்குச் சொல்லலாம்தானே."

"ஓம்."

"சொதியில்லாமச் சோறு குடுக்கிறதும் பாவம்தான். என்ன செய்யப் போறியள்?"

"தெரியாது."

அவள் மிச்சத் தேங்காயையும் திருவி முடித்தாள்.

அடுத்த நாளிலிருந்து உண்மையைச் சொன்னேன். பையை விழுங்கி மான் சாகிறது, இனிப் பை இல்லை, ஏனம் பாத்திரம் கொண்டு வந்தால் சொதி ஊற்றித் தருவேன் என்றேன். ஓரிருவர் அடுத்த நாள் பெட்டி கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். மரத்தடியில் ஓட்டோ நிறுத்துகிற ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது குறைவு. வாய் கூட. கடை தொடங்கிய நாளிலிருந்து என்னிடம்தான் சாப்பாடு. அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏனண்ணை, மானே உங்களிட்டப் பார்சல் வாங்குது? வாங்கிறது நாங்கள்தானே?"

நான் அடுத்த பார்சலைக் கட்டினேன். அவர் கேட்டதிலும் பிழையில்லை.

முப்பது அடி தள்ளி இன்னொரு பார்சல் கடை இருக்கிறது. அங்கே சொதிப் பை உண்டு. சொதி தண்ணி மாதிரித்தான் இருக்கும், ஆனால் உண்டு. துறைமுக ஆட்களுக்குச் சாப்பாட்டு நேரம் கொஞ்சம். நின்று என்னோடு கதைக்க அவர்களுக்கு ஏலாது. அங்கே போனார்கள். நான் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முகம் பார்த்தால் சங்கடப்படுவார்கள் என்று பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டேன்.

மனிசி அரிசியைக் குறைத்தாள். பத்து நாள் கழித்துத் திரும்பவும் குறைத்தாள். மிஞ்சிய சோற்றைப் பின்னேரம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். இப்படியே போனால் மாரிக்கு முன் கடையை விட வேண்டி வரும் என்று ஒரு காலை சொன்னாள். அரிசி களைந்துகொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை. அந்தக் கடைதான் எங்கள் இருவருக்கும் சோறு. அவளுக்கு அதைவிடவும் கூட. பதினொரு வருடமாகத் தன் கையால் கட்டிய பெயர்.

திரும்பவும் பையிலேயே கொடுப்போம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். கடை அவளுடையது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை.

நல்ல வெயில் நாள் ஒன்றில் ஓட்டோக்காரர் வந்தார். பார்சலை வாங்கினார். சொதிப் பானையைக் காட்டி, அதற்குள் சொதி இருக்கிறதா, இல்லை மானுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா என்றார். நாலைந்து பேர் நின்றார்கள். சிரித்தார்கள். அவர் இரண்டு கையையும் குழித்து நீட்டினார்.

"பையும் இல்லை, ஏனமும் இல்லை. கையில ஊத்துங்கோவன், குடிச்சிட்டுப் போறன்."

என்னுடைய தேத்தண்ணிக் கிளாஸ் பக்கத்தில் இருந்தது. அதைக் கழுவினேன். சொதியை நிறைய ஊற்றி நீட்டினேன். அவர் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றதால் வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஊதி ஊதிக் குடித்தார். முடிந்ததும் சிரிக்கவில்லை. கிளாஸைத் திரும்ப நீட்டினார்.

"இன்னொருக்கா ஊத்துங்கோ," என்றார். பிறகு மற்றவர்களிடம், "சூடாக் கிடக்கு. இவ்வளவு வருசமும் நாங்கள் ஆறின சொதியத்தான் குடிச்சிருக்கிறம்," என்றார்.

பின்னால் நின்றவர் தனக்கும் ஒன்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். ஒரு கிளாஸ்தான் இருந்தது. கழுவிக் கழுவிக் கொடுத்தேன். அதற்குள் பார்சல் கட்ட ஆளில்லாமல் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"ஆறின சொதியோ?"

"அப்பிடித்தான் சொன்னவர்."

"ஓம், பையில கட்டினா ஆறும்தான்," என்றாள். அவள் முகத்தில் வருத்தமா கோபமா என்று தெரியவில்லை. பதினொரு வருடமாகத் தன் சொதியை ஒருவரும் சரியாகக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று எடுத்து வைத்த சில்வர் பேணிகள், பன்னிரண்டு. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். ஊற்றி, கழுவி, கட்ட என் இரண்டு கை போதாது என்றாள்.

அப்படித்தான் அவள் கடைக்கு வந்தாள். அதற்கு முன் வந்ததில்லை. சமைத்து அனுப்பியதோடு அவளுக்கு அடுத்த நாள் வேலை தொடங்கிவிடும். வந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. கந்தோர் பிள்ளை ஒருத்தி என்னைக் காட்டி, முதலாளி எங்களுக்கு இப்போது சொதி தருவதில்லை என்று அவளிடம் முறையிட்டாள்.

"இவர் கட்டுற ஆள் பிள்ளை," என்றாள் மனிசி. "சொதி என்ர. இந்தா, நிண்டு குடி."

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. தண்ணீர் பெரிய கரைச்சல். பக்கத்துக் கடைக் குழாயில் இரண்டு வாளி பிடித்துத் தூக்கி வர வேண்டும். என் முதுகுக்கு அது ஆகாது. மனிசி ஒரு வாளி, நான் அரை அரையாக. பேணி இரண்டு காணாமல் போனது. ஒன்று திரும்பி வந்தது.

பெட்டி கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள். மறந்து வருகிறவர்களுக்கென்று பதினைந்து தட்டு வாங்கினோம். மரத்தடியிலேயே இருந்து சாப்பிட்டுக் கழுவி வைப்பார்கள். ஓட்டோக்காரர் ஒரு பெட்டி வாங்கினார். வாரத்தில் மூன்று நாள் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்து, தட்டில் சாப்பிட்டுக்கொண்டு என்னைத்தான் பேசுவார்.

இலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடிக்க வேண்டாம், திறந்தபடி இந்த ஓலைக் கடகத்தில் போடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அது இலேசில்லை. ஒரு வயதான மனிதர் கேட்கவேயில்லை. இலையை மடிக்காமல் எழும்பினால் சமைத்தவளுக்கு என்ன மரியாதை என்று என்னிடம் கோபித்தார். மனிசிதான் அவருக்குச் சொன்னாள், நீங்கள் மடியுங்கள் ஐயா, இவர் பிறகு விரித்துப் பார்ப்பார் என்று. இப்போது அவருடைய இலையை நான் விரித்துப் பார்க்கிறேன். முள்ளையும் காம்பையும் எடுத்துவிட்டு, இலைகளைக் கையால் கிழித்து மரத்துக்குப் பின்னால் போடுகிறேன். வேறு மான்கள் வருகின்றன. எந்த மானின் காது கிழிந்திருக்கிறது என்று நான் இப்போது பார்ப்பதில்லை.

போன சிலர் திரும்பி வரவேயில்லை. பக்கத்துக் கடையில் இன்னமும் பை உண்டு. அந்தக் கடைக்காரருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் பதினொரு வருடம் கட்டினவன். வீடு போகும்போது கடற்கரையில் கண்ணில் படும் பைகளைப் பொறுக்கி வண்டிலில் போட்டுக்கொண்டு போவேன். எல்லாம் கண்ணில் படாது.

அரிசி பழைய அளவுக்கு வரவில்லை. குறைத்த அளவிலிருந்து கொஞ்சம் கூடியிருக்கிறது. மாரி வந்து போனது. கடை இருக்கிறது.

போன கிழமை ஒரு கந்தோரிலிருந்து மனிசிக்குப் போன் வந்தது. கூட்டம் ஒன்று இருக்கிறதாம். ஐம்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டுமாம். கடை தொடங்கிய பிறகு அவ்வளவு பெரிய ஓடர் எங்களுக்கு வந்ததில்லை. நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனைச் சத்தமாகப் போட்டு விறாந்தைத் திண்ணையில் வைத்திருந்தாள். அந்தப் பக்கத்துத் தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பெட்டியில், சொதி தனித்தனிப் பையில் என்றார்.

நான் துடைப்பதை நிறுத்தினேன். ஐம்பது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி, சோறு தாறம்," என்றாள். "பானையோட கொண்டந்து தட்டில போட்டுத் தாறம். சொதி சூடா ஊத்தித் தாறம். நாங்களே கழுவிக்கொண்டு போறம். பை ஏலாது."

"எல்லாரும் அப்பிடித்தானக்கா குடுக்கினம்."

"ஓம், குடுக்கினம்."

அவர் மேலே கேட்டுவிட்டுத் திரும்பப் போன் எடுப்பதாகச் சொன்னார். மனிசி போனை வைத்துவிட்டுத் திருவலையில் இருந்தாள்.

"எடுத்தாலும் எடுப்பினம்," என்றாள். "அம்பது தட்டுக்கு எங்க போறதெண்டு பாருங்கோ."

இன்னமும் எடுக்கவில்லை. எங்களிடம் பதினைந்து தட்டு இருக்கிறது. நான் நேற்று எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற கோயிலில் போய்க் கேட்டேன். அன்னதானத் தட்டுகள் எழுபது இருக்கின்றன, கழுவித் தருவதென்றால் கொண்டு போகலாம் என்றார்கள். கழுவித் தருவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.